பிரித்துப் பழக ஒரு பழைய கார்: செங்கல்பட்டு முதல் சதுரங்கப்பட்டினம் வரை

போன வருடம், 2006 ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, நானும் என் மாமனாரும் பழைய கார் பார்க்கக் கிளம்பினோம். நாங்கள் குடியிருக்கும் புதுப்பட்டினத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு, அங்கிருந்து கருங்குழி, பிறகு வந்த வழியே திரும்பிச் சதுரங்கப்பட்டினம். எல்லாம் பஸ்ஸிலும் ஆட்டோவிலும்தான். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர், மூன்று கார்கள். இந்த வலைப்பதிவைப் படிக்கிறவர்களில் சிலர், பழைய கார் ஒன்றை வாங்கிப் பிரித்துப் பூட்டி மெக்கானிக் வேலை பழக ஆசைப்படுகிறார்கள். "நீங்கள் எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்று கேட்கிறார்கள். நான் தேர்ந்தெடுத்த விதத்தை யாரும் பின்பற்றக் கூடாது. அதனால்தான் இதை எழுத இத்தனை மாதம் தயங்கினேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: சிறுசேரியில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலை. அடுத்தவர் எழுதியதில் பிழை கண்டுபிடிப்பதுதான் தொழில். எட்டு வருடமாக எதையாவது 'சரியாக ஓடவில்லை' என்று சொல்லியே சம்பளம் வாங்குகிறேன். ஆனால் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி மாட்டியதில்லை. அந்தச் சித்திரையில், மாலை வீடு திரும்பும்போது, எங்கள் ஆபீஸ் கேப் திருப்போரூர் தாண்டி நின்றுவிட்டது. டிரைவர் பானட்டைத் திறந்தார், உள்ளே கைவிட்டு எதையோ அழுத்தினார், வண்டி கிளம்பிவிட்டது. "என்ன பண்ணீங்க?" என்று கேட்டேன். "ஒண்ணும் இல்ல மேடம்" என்றார். அந்த 'ஒண்ணும் இல்ல' என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று பிடித்துக்கொண்டது. ஓடுகிற வண்டியில் கை வைக்கப் பயம். ஏற்கெனவே கெட்டுப்போன வண்டியென்றால் நான் புதிதாக என்ன கெடுத்துவிடப் போகிறேன் என்று தோன்றியது.

என் கணவர் சுந்தருக்குக் கல்பாக்கத்தில் ஷிப்ட் வேலை. "வாங்கு, ஆனா தனியா போய்ப் பாக்காத" என்றார். அந்தச் சனிக்கிழமை அவருக்குப் பகல் ஷிப்ட் வந்துவிட்டது. அதனால் மாமா என் கூட வந்தார்.

மாமா, அதாவது என் மாமனார், திருச்சியில் அரசு ஆபீஸ் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்களோடுதான் இருக்கிறார். கார் ஓட்டத் தெரியாது. கார் என்றாலே பயம். கார் மட்டுமா? வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்க்கத் திரும்பி வருவார். பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இருக்கும் சீட்டில் உட்காரமாட்டார், அங்கேதான் அடிபடுமாம். எனக்கும் பயந்த சுபாவம்தான். அவர் வாய்விட்டுச் சொல்வார், நான் சொல்லமாட்டேன். அதனால் அவர் சொல்லும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும்.

காலை ஏழு மணிக்குப் புதுப்பட்டினத்தில் பஸ் ஏறினோம். திருக்கழுக்குன்றத்தில் நின்று நின்று, செங்கல்பட்டு போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பஸ் நிலையத்துக்கு எதிரே இட்லி, காபி. இரண்டு பேருக்கும் சேர்த்து முப்பத்திரண்டு ரூபாய். அங்கிருந்து கொளவாய் ஏரிப் பக்கம் ஒரு சந்துக்கு ஆட்டோவில் இருபது ரூபாய். முதல் கார் ஒரு அம்பாசிடர். காட்டியவர் மூர்த்தி என்ற புரோக்கர்.

"இன்னாமா, சொந்தத்துக்கா, வாடகைக்கு வுட்றதுக்கா?"

"பிரிச்சுக் கத்துக்கறதுக்கு."

மூர்த்தி என்னை விட்டுவிட்டு மாமாவைப் பார்த்தார். "நீ சொல்லு சார். வண்டி யாருக்கு?"

"அவளுக்குத்தான்" என்றார் மாமா. "ஏன், தரமாட்டீங்களா?"

வண்டி பார்வைக்கு நன்றாகவே இருந்தது. அம்பாசிடருக்கு உதிரிபாகம் எந்த ஊரிலும் கிடைக்கும், பானட்டுக்குள் இறங்கி நின்றே வேலை செய்யலாம் என்று படித்திருந்தேன். பழைய வண்டி பார்க்கப் போனால் முதலில் ஆர்சி புத்தகத்தில் உள்ள சேஸிஸ் எண்ணும், அதாவது அடிச்சட்டத்தின் எண்ணும், வண்டியில் அடித்திருக்கும் எண்ணும் ஒன்றா என்று பார்க்கச் சொல்லியிருந்தார்கள். கேட்டேன். "அதெல்லாம் கரீட்டா கீதுமா" என்றார். போய்ப் பார்த்தால் எண் இருக்க வேண்டிய தகட்டில் கறுப்புப் பெயிண்ட் அப்பியிருந்தது. தகட்டை அடித்திருந்த ஆணிகள் மட்டும் புதிதாக மின்னின. நகத்தால் சுரண்டிப் பார்க்கலாமா என்று குனிந்தேன். பின்னால் மாமா இருமினார்.

"எனக்கு மாத்திரை போடற நேரம்மா. வா, போலாம்."

"இங்கியே போட்டுக்கோ சார், தண்ணி தரேன்" என்றார் மூர்த்தி.

"சாப்பாட்டுக்கு அப்புறம் போடற மாத்திரை" என்று சொல்லிக்கொண்டே மாமா சந்தின் பாதியைத் தாண்டிவிட்டார். நானும் ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போனேன். அவருக்கு அப்படி ஒரு மாத்திரையே கிடையாது. "திருட்டு வண்டியா இருந்தா? நாளைக்குப் போலீஸ் நம்ம வாசல்ல வந்து நின்னா?" என்றார். திருட்டு வண்டி என்று நான் சொல்லவில்லை. பெயிண்ட் அடித்தவருக்குக் கை தவறியும் இருக்கலாம். ஆனால் எனக்கும் அதே பயம்தான்.

செங்கல்பட்டிலிருந்து மதுராந்தகம் போகும் பஸ்ஸில் கருங்குழிக்கு அரை மணி நேரம். ஜிஎஸ்டி சாலை. பாலாற்றுப் பாலத்தில் போகும்போது கீழே மணல்தான் தெரிந்தது. நிறுத்தத்தில் இறங்கி உள்ளே பத்து நிமிடம் நடந்தால் ஒரு நெல் அரவை மில். அதை நடத்துகிறவர் சரஸ்வதி அக்கா. ஐம்பது வயது இருக்கும். நிலமும் இருக்கிறது, மில்லும் இருக்கிறது, இரண்டு டிராக்டர் வாடகைக்கு ஓடுகிறது. தவிட்டு மூட்டைகளுக்குப் பக்கத்தில் கொட்டகையில் நின்றது அவருடைய பிரீமியர் பத்மினி.

அதைப் பார்த்ததும் எனக்கு மனசு விட்டுப்போயிற்று. மில் கேட்டுக்கு அடித்த பச்சைப் பெயிண்ட் மிச்சமானதைப் பிரஷ்ஷாலேயே காருக்கும் அடித்திருந்தார்கள். பிரஷ் முடி இரண்டு மூன்று இன்னும் கதவில் ஒட்டியிருந்தது.

"கேட்டுக்கமா" என்று அக்கா ஆரம்பித்தார். "மழைல மேல ஒழுகும். ரெண்டாவது கியர் போட்டா எகிறும், கையால புடிச்சிகினே ஓட்டணும். டிரைவர் பக்கத்துக் கண்ணாடி எறங்கும், ஏறாது. ஆயில் குடிக்கும். ஹாரன் அடிச்சா சில நேரம் நிக்காது. பின் பிரேக்கு கீதுன்னு சொல்லலாம், அவ்ளோதான்."

"ஓடுமா?"

"ஓடும். எங்க நிக்கும்னுதான் சொல்ல முடியாது."

மாமா கேட்டார்: "இதுல போயி யாருக்காவது ஏதாவது ஆயிருக்கா? உயிர்ச் சேதம் மாதிரி?"

அக்கா சிரித்துவிட்டார். "சாவு இல்ல சார். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போறப்ப இதுக்குள்ளயே ரெண்டு புள்ள பொறந்துகீது. ஒண்ணு இப்ப அஞ்சாங்கிளாஸ் படிக்கிது."

கார்புரேட்டரில் ஒரு மூடி பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் செய்து காட்டினார். கொட்டகை முழுக்கப் புகை. நான் குனிந்து அடிப்பக்கம் பார்த்தேன். ஆயிலும் தவிடும் சேர்ந்து விரல் கனத்துக்கு அப்பிக்கிடந்தது. அந்த அசிங்கத்தைத் தாண்டி எதையும் பார்க்கத் தோன்றவில்லை. விலை இருபத்திரண்டாயிரம். "கொறைக்க மாட்டேன். பிரிச்சிப் பாத்து வேணாம்னா ஒரு மாசத்துல திருப்பிக் குடு, வாங்கிக்கறேன்" என்றார் அக்கா. யோசித்துச் சொல்கிறேன் என்று மோர் குடித்துவிட்டுக் கிளம்பினோம். பஸ்ஸில் வரும்போது அவர் சொன்ன கோளாறுகளை விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். இத்தனையையும் நான் எப்படிச் சரிசெய்வேன்?

இப்போது எழுதும்போது புரிகிறது. அன்று நான் பார்த்த மூன்று பேரில் தன் வண்டியைப் பற்றி முழுசாகச் சொன்னவர் அவர் ஒருவர்தான். அதற்காகவே நான் அந்த வண்டியை வேண்டாம் என்று நினைத்தேன்.

செங்கல்பட்டில் சாப்பிட்டுவிட்டு, மூன்றரை மணிவாக்கில் சதுரங்கப்பட்டினம் வந்தோம். இது எங்கள் வீட்டுக்குப் பக்கம்தான். டச்சுக் கோட்டைக்குப் பின்னால் கடலைப் பார்த்துப் போகும் தெருவில் தேவராஜ் வீடு. நாற்பது வயதுக்காரர். மாமல்லபுரத்தில் சினிமா ஷூட்டிங், கல்யாண போட்டோ என்று பழைய கார்களை வாடகைக்கு விடுவது அவர் தொழில். விற்கிறதாகச் சொன்னது ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

தென்னோலைப் பந்தலுக்குக் கீழே அது நின்ற நிற்பை இப்போதும் நினைத்தால் பெருமூச்சு வருகிறது. மேலே கிரீம், கீழே செங்காவி. புதுப் பெயிண்ட். தேவராஜ் முன்னால் வந்து இரண்டு பக்கமும் கொக்கியை விடுவித்து இழுத்தார். பானட் மட்டுமல்ல, மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து காரின் முன்பாதி மொத்தமும் முதலை வாயைப் பிளந்தாற்போல் முன்பக்கமாகத் திறந்துகொண்டது. இஞ்சின், ரேடியேட்டர், ஸ்டியரிங் தண்டு எல்லாம் வெளிச்சத்தில். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை செய்யலாம்! கற்றுக்கொள்ள இதைவிட என்ன வேண்டும்? அந்த நிமிடமே மனதுக்குள் வாங்கிவிட்டேன். முப்பத்தைந்தாயிரம் சொன்னார். அதிகமாகவே தோன்றவில்லை.

கேட்க வேண்டியதைக் கேட்டேன் என்பது மட்டும் உண்மை. இந்தக் கரையில் எந்தப் பொருள் வாங்கினாலும் அந்தக் கேள்வி உண்டு.

"சுனாமி அப்ப இது எங்க இருந்துச்சு?"

"இங்க இல்லமா. திருக்கழுக்குன்றத்துல பெயிண்ட் கடைல இருந்துது" என்றார் தேவராஜ், கண்ணைக்கூட இமைக்காமல்.

அவராகவே பிரேக்கைக் காட்டுகிறேன் என்று ஜாக்கி வைத்துத் தூக்கி, இடது முன்சக்கரத்தைக் கழற்றினார். நான் துப்பட்டாவைக் கழற்றிக் கதவில் போட்டுவிட்டு, டார்ச்சோடு தரையில் உட்கார்ந்தேன். அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். கருங்குழியில் பார்க்காததை இங்கே பார்த்துத் தீர்த்துவிடும் வேகம்.

"ஜாக்கி உறுதியா நிக்குதா?" என்றார் மாமா.

"லாரியே நிக்கும் சார்."

மாமாவுக்கு அது போதவில்லை. கழற்றிய சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு வந்து காரின் பக்கவாட்டு விளிம்புக்குக் கீழே படுக்கவைத்தார். பந்தலில் சாய்த்திருந்த ஸ்டெப்னி டயரையும் எடுத்து அதன் மேல் அடுக்கினார். வேட்டியெல்லாம் கரி. எனக்கு அவமானமாக இருந்தது. வண்டி வாங்க வந்த இடத்தில் இப்படியா?

"மாமா, வெளிச்சம் மறைக்குது. அதை எடுத்திடுங்களேன்."

"இருக்கட்டும்மா."

"ஒண்ணும் ஆகாது, எடுங்க."

"இருக்கட்டும்னு சொல்றேன்ல?" என்றார். என்னிடம் அப்படிக் குரலுயர்த்தி அவர் பேசியதே இல்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அந்த டயர்களுக்குப் பக்கத்தில் மல்லாந்து நகர்ந்து உள்ளே போனேன்.

அடியிலும் புதிதாகக் கறுப்பு அடித்திருந்தது. ஒரு இடத்தில் மட்டும் கொப்புளம் மாதிரி எழும்பியிருந்தது. விரலால் அழுத்தினேன். விரல் உள்ளே போயிற்று. இரும்பு, நனைந்த அட்டை மாதிரி. அது என்ன என்று புரிவதற்குள், என் தலைக்கு அப்பால் ஜாக்கி நின்ற இடத்தில் மளுக்கென்று ஒரு சத்தம். பிஸ்கட்டை ஒடிக்கிற சத்தம்தான், பெரிதாக இல்லை. ஜாக்கி சட்டத்தைக் குத்திக்கொண்டு மேலே ஏற, கார் கீழே வந்தது.

வந்தது, டயர்களின் மேல் உட்கார்ந்தது, நின்றது. ஏதோ ஒரு தண்டு என் வலது தோளைத் தரையோடு அழுத்தியது. கண்ணிலும் வாயிலும் துருப்பொடி. மூக்குக்கு நேர் மேலே, அரை சாண் தள்ளி, இஞ்சினின் அடிப்பக்கம். கத்த வேண்டும் என்று தோன்றியது, குரல் வரவில்லை. தலையை ஒரு பக்கம் திருப்பினால் மாமாவின் இரண்டு கால்கள் தெரிந்தன. அவரும் கத்தவில்லை. காலையிலிருந்து விடாமல் பேசிக்கொண்டு வந்த மனிதர் ஒரு சத்தம்கூட எழுப்பாமல், பக்கவாட்டு விளிம்பைப் பிடித்து அந்தக் காரைத் தனியாகத் தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கால் விரல்கள் மண்ணில் புதைந்து புதைந்து எழுவதைப் பார்த்தேன்.

கத்தியது தேவராஜின் மனைவிதான். "ஐயோ, ஆள் உள்ள கீது! ஓடியாங்க, ஓடியாங்க!" தெருக்கோடியில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்தார்கள். எத்தனை பேர் என்று தெரியாது. கால்களாகத் தெரிந்தது. "மச்சான், பின்னாடி புடி! அண்ணாத்த, நீ அந்தாண்ட! ஏலேலோ..." என்று ஒரு குரல். பாரம் தோளை விட்டு எழும்பியது. யாரோ என் இரண்டு காலையும் பிடித்து, மீனை இழுப்பது மாதிரி சர்ரென்று வெளியே இழுத்தார்கள்.

முதுகு சிராய்ப்பு, தோள் வீக்கம். அவ்வளவுதான். எலும்புக்கு ஒன்றும் இல்லை என்பது பிறகு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது தெரிந்தது. அப்போது எனக்குப் பல் கிட்டித்து உடம்பெல்லாம் உதறியது. தேவராஜின் மனைவி என் தலையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணைக் கழுவிவிட்டார். கழுவிக்கொண்டே புருஷனைப் பார்த்து, "ஒரு உசுரு பூட்ருந்தா இன்னாயா பண்ணியிருப்ப? சொல்லு அவங்க கைல. வண்டி எங்க கெடந்துதுன்னு சொல்லு" என்றார்.

தேவராஜ் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அலை வந்தப்ப இங்கதாமா நின்னுச்சு. அடிச்சிகினு போயி சவுக்குத் தோப்புல குப்புறக் கெடந்துது. நாங்க பொழச்சதே பெருசு, வண்டிய எவன் பாத்தான்? அப்பறம் இட்டாந்து கழுவி, மேல பெயிண்ட் அடிச்சேன். இஞ்சின் ஓடிச்சு. அடில நான் பாக்கவே இல்ல."

"ஏன் பாக்கல?"

"பயமா இருந்துதுமா. பாத்தா ஒண்ணும் மிச்சம் இல்லன்னு தெரிஞ்சிடும். வேற இன்னா கீது எங்ககிட்ட?"

கோபம் வரவில்லை என்றால் பொய். அன்று முழுக்கவும், பிறகு பல நாளும், அந்த மனிதரை மனதுக்குள் திட்டினேன். ஆனால் அந்தப் பதில் மட்டும் எனக்குப் புரிந்தது.

ஆட்டோவில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மாமா தெருவையே பார்த்துக்கொண்டு வந்தார். என் கையைக்கூடப் பிடிக்கவில்லை. தன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

சுந்தர் ஷிப்ட் முடிந்து வந்து விஷயம் கேட்டதும் முதலில் அப்பாவைத்தான் பிடித்தார். "நீங்க கூட இருந்தும் எப்படிப்பா அடில போக விட்டீங்க?" மாமா தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டார். அந்த இரண்டு டயர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். எடுக்கச் சொல்லி நான் இரண்டு தடவை கேட்டதையும் சொன்னேன். சுந்தர் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கார் என்ற பேச்சே எழவில்லை. சிறுசேரி கேப் வேகத்தடையில் குலுங்கினால்கூடக் கையை உயர்த்திக் கூரையைத் தாங்குவேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

இரண்டு மூன்று வாரம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காபியை ஆற்றிக்கொண்டே மாமா கேட்டார்: "அந்தக் கருங்குழி வண்டி வித்துப்போச்சா?"

நான் டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"அன்னிக்குச் சதுரங்கப்பட்டினத்துல, வண்டிக்கு அடில என்ன இருந்துச்சு? பாத்தியா?"

"எங்க மாமா பாத்தேன்? அதுக்குள்ளதான்..."

"அப்ப அவ்வளவும் பட்டு ஒண்ணுமே பாக்கல."

அவர் கேலியாகச் சொன்னாரா, வருத்தமாகச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியவில்லை. "நீ கேப்ல போயிட்டு வந்து சோறு இறங்காம உக்காந்திருக்கறத தினமும் பாக்கறேன். எனக்கு எல்லாத்துக்கும் பயம். அறுபத்தாறு வருஷம் ஓட்டிட்டேன். நீயும் அப்படி ஓட்ட வேணாம். போன் பண்ணு" என்றார்.

போன் செய்தேன். "ஒரு ஆள் வந்து பாத்துட்டுப் போனான். நான் சொன்னத கேட்டுட்டு அவனும் ஓடிட்டான்" என்றார் சரஸ்வதி அக்கா.

அடுத்த ஞாயிறு சுந்தர், மாமா, நான் மூவரும் போனோம். இந்த முறை ஒரு சுத்தியலும் ஸ்க்ரூடிரைவரும் கொண்டுபோயிருந்தேன். அடியில் போகவில்லை. போக முடியவில்லை, உடம்பு ஒப்பவில்லை. அக்கா தன் ஆட்களை விட்டு, டிராக்டர் ஏற்றும் சரிவுப் பாதையில் காரை நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் கல் வைத்தார். சுந்தர் பக்கவாட்டில் குனிந்து தவிட்டையும் ஆயிலையும் சுரண்டிச் சுரண்டிச் சுத்தியலால் தட்டினார். எங்கே தட்டினாலும் டங் டங்கென்று கெட்டியான சத்தம். இத்தனை வருட ஆயில் ஒழுக்கு அந்த இரும்பைத் துருப் பிடிக்காமல் காப்பாற்றியிருந்தது. இருபத்திரண்டாயிரத்தை எண்ணிக் கொடுத்தோம். ஒரு மினி லாரியில் ஏற்றி, புதுப்பட்டினம் வரை ஐம்பது கிலோமீட்டருக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய். லாரிக்குப் பின்னால் பஸ்ஸில் வந்த மாமா, வீட்டுக்கு வந்ததும் முதலில் கேட்டது: "கயிறு எங்கயாவது அவுந்துதா?"

இந்தப் பக்கம் கார் தேடி வரப்போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். முதல் வண்டிக்கு அழகு பார்க்காதீர்கள். உதிரிபாகம் கிடைக்கிற வண்டியாக, முழுசாக இருக்கிற வண்டியாகப் பாருங்கள். பத்மினிக்கு வேண்டியது பெரும்பாலும் சென்னைப் புதுப்பேட்டைக் கடைகளில் கிடைத்துவிடுகிறது. இஞ்சின் ஓடாவிட்டால் பரவாயில்லை, அதைக் கற்கத்தானே வாங்குகிறீர்கள்? ஆனால் அடிச்சட்டம் துருவேறியிருந்தால் விட்டுவிடுங்கள். கடலோரத்து வண்டியென்றால் புதுப் பெயிண்டைக் கண்டதும் சந்தேகப்படுங்கள், சுத்தியலால் தட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். எண்ணும் புத்தகமும் ஒத்துப்போகாத வண்டிக்குப் பக்கத்தில்கூட நிற்காதீர்கள். கருங்குழிக்குக் காலையிலேயே போங்கள், மதியத்துக்கு மேல் பஸ்ஸில் நிற்க இடம் கிடைக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள். இரும்பு ஸ்டாண்டு நாலு வாங்குங்கள். அது வரும்வரை அடியில் இருக்கும் வேலை காத்திருக்கட்டும்.

நான் ஸ்டாண்டு வாங்கிய பிறகும் அடியில் போகவில்லை. புரட்டாசி முழுக்க மேலே நின்று செய்யும் வேலைதான். பிளக் கழற்றினேன், கார்புரேட்டரைப் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவினேன், ஹாரனை நிறுத்தினேன். ஏறாத கண்ணாடியை ஏறவைத்தேன். இப்போது அது இறங்குவதில்லை. ஆனால் ஆயில் ஒழுகும் இடத்தை மேலிருந்து எத்தனை நாள் தேடுவது? ஐப்பசியில் மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாலு ஸ்டாண்டு, அதற்குப் பக்கத்தில் டயர்கள், டயர்களுக்குப் பக்கத்தில் மரக்கட்டைகள் எல்லாம் வைத்து, சுந்தரை வண்டியைப் பிடித்து உலுக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, சாக்கை விரித்துப் படுத்து உள்ளே நகர்ந்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். இப்படியே வெளியே போய்விடலாம் என்று நினைத்தபோது, பக்கத்தில் சாக்கு இழுபடும் சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தால் மாமா. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமல், முழங்கையை ஊன்றி ஊன்றி உள்ளே வந்துகொண்டிருந்தார். முகமெல்லாம் வியர்வை. என் பக்கத்தில் மல்லாந்து படுத்து, மூச்சு வாங்க, மேலே பார்த்தார்.

"இது என்னது?"

"சைலன்சர் மாமா."

"இந்தப் பெரிய தண்டு?"

"இஞ்சின்லேர்ந்து பின்சக்கரத்துக்குச் சுத்து கொண்டுபோறது."

ஒரு சொட்டு ஆயில் அவர் பனியனில் விழுந்தது. அது விழுந்த இடத்துக்கு நேர் மேலே விரலை நீட்டினார்.

"அது?"

டார்ச்சை அங்கே பிடித்தேன்.

"தெரியல மாமா. கழட்டிப் பாத்தாதான் தெரியும்."

"அப்ப ஸ்பேனர எடு" என்றார்.